வேலி இல்லாத வட்டம்

சீமாட்டி வட்டமடிக்க ஆரம்பித்ததும் முதலில் சிரித்தவர் குதிரை வாங்க வந்த தொப்பிக்காரர்தான். அதன் முதுகில் உட்கார்ந்திருப்பது தாம்தான் என்பதுகூட அந்தச் சிரிப்பில் அவருக்கு மறந்துவிட்டது.

லாயத்துக்கு மேற்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்வெளி. ஒரு சுவர் கிடையாது, ஒரு கம்பி கிடையாது. அந்தக் கோடியில் ஏரி, துடைத்து வைத்த தட்டு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அங்கே போகத்தான் தொப்பிக்காரர் குதிரையைத் தட்டிவிட்டார். சீமாட்டி லாயத்து வாசலைத் தாண்டியது. கொஞ்ச தூரம் நேராக நடந்தது. அப்புறம் இடது பக்கம் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. சுற்றி வந்து, தான் மிதித்த புல்லையே மறுபடி மிதித்து, மறுபடியும் திரும்பியது. அவர் கடிவாள வாரை இழுத்துப் பார்த்தார். குதிகாலால் இடித்துப் பார்த்தார். கழுத்து மட்டும் ஏரிப் பக்கம் நீண்டது. கால்கள் வட்டத்தை விடவில்லை.

"என்ன லாடக்காரரே! குதிரை பாக்க வாங்கன்னு கூப்பிட்டீங்க. செக்குல பூட்டின மாட்டையில்ல காட்டுறீங்க!"

லாடக்காரர் அசடு வழியச் சிரித்தார். பக்கத்தில் நின்ற அவருடைய தங்கை பட்டாணிக் கூடையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எறங்கிடுங்க சார். பாக்குற எனக்கே தலை சுத்துது. நீங்க மேலேர்ந்து வாந்தி எடுத்தா யாரு கழுவுறது?"

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். லாடக்காரரின் மனைவி. பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுப்பதால் தெருவுக்கே அவள் குதிரை டீச்சர். அவள் அந்த வட்டத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டாள். லாயத்துக்குள் மரச்சட்டம் அடித்து வைத்திருக்கும் சவாரி வளையம் எவ்வளவோ, அவ்வளவு. ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரு வருஷமாக அவள் சீமாட்டியை அந்த வளையத்தைத் தாண்டி ஓட்டியதில்லை. காலையில் வளையம், மாலையில் வளையம். வெளியே வேலி இல்லை என்று அதற்கு யார் சொல்வது? அது பாட்டுக்கு இல்லாத வேலியை ஒட்டித் திரும்பிக்கொண்டிருந்தது.

தன் பயம் தன்னோடு இருக்கிறது என்று நினைத்திருந்தாள். குதிரை அதை எல்லோர் முன்னாலும் புல்லில் கோடு போட்டுக் காட்டிவிட்டது.

இறங்கிய தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "குதிரை நல்ல குதிரை. கெடுத்து வச்சிருக்கீங்க. பரவால்ல, எங்கிட்ட வந்தா நாலு அடியில நேராயிடும். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில வண்டியோட வர்றேன்."

நாலு அடி என்றபோது டீச்சரின் கை தானாகச் சீமாட்டியின் கழுத்துக்குப் போனது.

ஏரிச் சவாரியால் பேர் வாங்கிய லாயம் அது. வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். டீச்சர் சீமாட்டியில் முன்னால் போவாள். மற்றக் குதிரைகள் அதன் வாலைப் பார்த்துக்கொண்டே வரிசையில் வரும். எதற்கெடுத்தாலும் நின்று வாதாடும் 'வக்கீல்' என்ற கிழட்டுக் குதிரைகூட சீமாட்டிக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நடக்கும்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தபோது புல்லுக்குள்ளிருந்து ஒரு பறவைக் கூட்டம் படபடவென்று கிளம்பியது. சீமாட்டி மிரண்டு பாய்ந்தது. மிரண்ட குதிரையை நேராக இழுக்கக் கூடாது, ஒரு பக்க வாரை மட்டும் பிடித்து வட்டத்துக்குத் திருப்ப வேண்டும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். அன்றைக்கு அவள் கை அதை மறந்தது. இரண்டு வாரையும் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இழுக்க இழுக்கக் குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு கண் தெரியாமல் ஓடியது. விழுந்ததில் தோளெலும்பு முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் லாயத்து வாசலுக்கு வந்து அந்த அகலத்தைப் பார்த்தாலே திரும்பி உள்ளே போய்விடுவாள். முதலில் தோள்வலி என்றாள். அப்புறம் வெயில் என்றாள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. ஏரிச் சவாரி நின்றது. வளையத்துப் பிள்ளைகளை வைத்து லாயம் எத்தனை நாள் ஓடும்? அதனால்தான் தொப்பிக்காரர் வந்தார்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ரொட்டியும் முட்டையும் ஆறிக்கொண்டிருந்தன. நாத்தனார் மூன்று வீடு தள்ளித்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆனால் பொழுது விடிந்தால் அண்ணன் வீட்டில் இருப்பாள். குதிரைகளுக்குத் தீனி கலக்குவதும் மனிதர்களுக்குச் சமைப்பதும் அவள் பொறுப்பு. இரண்டுக்கும் ஒரே வாளிதான் என்று லாடக்காரர் சொல்லுவார், அவள் காதில் விழாத தூரத்தில்.

"சீமாட்டியைக் குடுக்க வேணாங்க," என்றாள் டீச்சர்.

"குடுக்காம?" என்றாள் நாத்தனார். "வெளியப் போறதுக்குன்னு இருக்குற குதிரை அது. வெளியப் போகாத குதிரைக்கும் தீனி, அதை ஓட்டாத ஆளுக்கும் சோறுன்னா நான் எத்தனை அடுப்பு மூட்டுறது?"

"ஏய், வாயை அடக்கு," என்றார் லாடக்காரர்.

"நான் எதுக்கு அடக்கணும்? இந்த வீட்ல ஒரு வருஷமா எல்லாரும் வாயை அடக்கினதுதான் இப்போ வட்டமா சுத்துது. அண்ணி, உங்களுக்குப் பயமா இருக்குன்னு எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், அந்த வக்கீலுக்குக்கூடத் தெரியும். நீங்கதான் தோள்வலின்னு சொல்லிட்டுத் திரியிறீங்க."

டீச்சர் ரொட்டியைப் பிய்த்தாள். தின்னவில்லை.

"ஆமா, பயந்தான்," என்றாள் கடைசியில். வாயைவிட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் கூரை இடிந்து விழவில்லை. நாத்தனார் உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள், அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமை வண்டி வர்றதுக்குள்ள நான் அவளை ஏரிக்கு ஓட்டிட்டுப் போயிட்டு வந்துட்டா?"

"வந்துட்டா, வண்டியை நானே திருப்பி அனுப்புறேன். ஆனா ஒண்ணு. பாதி வழில எறங்கி, மரத்தடியில உக்காந்துட்டு, போயிட்டு வந்துட்டேன்னு கதை விடக் கூடாது. கூடவே வந்து என் கண்ணால பாப்பேன்."

லாடக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பனி விலகுவதற்கு முன்பே நாத்தனார் ஒரு காலி வாளியைப் புல்வெளியில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மடியில் பட்டாணி, காலடியில் கிண்ணம். டீச்சர் சேணத்தில் ஏறி வாசலைத் தாண்டினாள். தாண்டியதும் உள்ளே திரும்பிப் போய்விட வேண்டும் போலிருந்தது. சீமாட்டியும் தன் பங்குக்குத் திரும்பியது, நாத்தனாரை நடுவில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தது.

"தொடங்கியாச்சா? நான் என்ன கம்பமா, என்னைச் சுத்துறீங்க?"

டீச்சர் அதை நேராகத் திருப்ப வாரைத் தூக்கினாள். தூக்கியவள் நிறுத்தினாள். தன் முதுகு நிமிர்ந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. இது வெட்டவெளி, வேலி இல்லை, ஆனால் இந்த வட்டத்துக்குள் அவளுக்குப் பயமில்லை! குதிரைக்கு மட்டுமல்ல, அவள் உடம்புக்கும் இதே வட்டம்தான் மனப்பாடம்.

எதிரே, வட்டத்துக்குச் சற்று வெளியே, ஒரு முட்புதர் இருந்தது. அடுத்த சுற்றில் இடது வாரைக் கொஞ்சம் தளர்த்தி, உள்பக்கத்துக் காலை லேசாக அழுத்தினாள். சீமாட்டி காதைத் திருப்பி யோசித்தது. நகர்ந்தது. புதர் வட்டத்துக்கு உள்ளே வந்துவிட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஏய் நாத்தனாரே! அந்தப் புதர் இப்போ நம்மளுது!"

"இருந்து என்ன பிரயோஜனம்? காய்க்குமா?"

அன்றைக்கு அந்தப் புதரோடு நிறுத்திக்கொண்டாள். அடுத்த நாள் ஒரு வெள்ளைப் பாறையை உள்ளே சேர்த்தாள். அதற்கடுத்து, சாய்ந்து நிற்கும் பழைய விளக்குக் கம்பம். நாத்தனாரின் பேச்சு சுற்றுக்குச் சுற்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

"...எங்க வீட்டுக்காரர்கிட்ட நேத்து சொன்னேன், அவர் சொல்றாரு..."

சுற்றிவிட்டு வந்தாள்.

"...அதுக்கு நான் கேட்டேன், உங்கம்மா மட்டும் என்ன..."

"முதல்லேர்ந்து சொல்லு, நடுவுல விட்டுப்போச்சு!"

"அப்போ வட்டத்தைச் சின்னதா போடுங்க! இப்படியே போனா ஊரையே வளைச்சுப் போட்டுடுவீங்க போலிருக்கே!"

புதன்கிழமை எல்லாம் கெட்டது. காலையிலிருந்தே காற்று. மழைக்கு முந்தைய காற்று, புல்லை ஒரு பக்கமாகப் படுக்கவைத்து, நாத்தனாரின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது சீமாட்டி ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது. அவ்வளவுதான், ஓடக்கூட இல்லை. ஆனால் டீச்சரின் இரண்டு கையும் வாரை நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டன. குதிரை வாயைத் திறந்துகொண்டு பின்வாங்கியது. அவள் இறங்கினாள். சீமாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு லாயத்துக்கு நடந்தே வந்தாள். நாத்தனார் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் டீச்சருக்கு இன்னும் பயமாக இருந்தது.

கொட்டகையில் லாடக்காரர் வக்கீலின் பின்னங்காலைத் தொடை நடுவில் இடுக்கிக்கொண்டு குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். கரித்தணலில் லாடம் சிவந்துகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மனைவி நடந்து வரும் சத்தமே போதுமாயிருந்தது.

"விட்டுடு," என்றார்.

"என்னங்க?"

"குதிரை போனாப் போகுது. நீ வளையத்துக்குள்ளயே பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடு. அது போதும்." சீவிய குளம்புத் துண்டு தரையில் விழுந்தது. "அன்னிக்கு உன்னை அந்தப் புல்லுலேர்ந்து தூக்கிட்டு வந்தது நானு. நீ கண்ணு தொறக்குற வரைக்கும் எனக்கு என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நீ உள்ளயே இருந்தா எனக்கு நிம்மதி."

"அதுக்குத்தான் தொப்பிக்காரரைக் கூப்பிட்டீங்களா?"

அவர் குனிந்து குளம்பைச் சீவினார். வக்கீல் கடிவாளத்தை மென்றது.

"உங்க நிம்மதி எனக்குப் புரியுதுங்க. ஆனா எனக்கு உள்ள நிம்மதி இல்ல. தினமும் அந்த வளையத்துல சுத்தும்போது வாசலைப் பாக்காம இருக்குறதுக்கு நான் எவ்வளவு கஷ்டப்படுறேன் தெரியுமா? தலையைக் குனிஞ்சே ஒரு வருஷம் ஓட்டிட்டேன்." அவள் தணலைப் பார்த்தாள். "சீமாட்டி முன்னங்கால் லாடம் ஒண்ணு தளர்ந்திருக்கு. மாட்டிக் குடுங்க. வேற எதுவும் கேக்கல."

அவர் வக்கீலின் காலைக் கீழே விட்டார்.

"கொண்டாந்து கட்டு," என்றார்.

ஒரு லாடம் கேட்டாள். அவர் நாலையும் கழற்றிப் புதிதாக அடித்தார். ஒவ்வோர் ஆணியையும் விரலால் தடவிப் பார்த்தார்.

வியாழன் முழுக்க மழை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது புல்வெளி கழுவிவிட்ட மாதிரி கிடந்தது. மண் ஈரமாக, மிதித்தால் அச்சு விழும் பதத்தில் இருந்தது. லாடக்காரர் வெளியே வரவில்லை. கொட்டகைக்குள் எதையோ ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அடிப்பதற்கு லாடம் எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நாத்தனார் வாளியில் உட்கார்ந்தாள். "போங்க. ஏரித் தண்ணில காலை நனைச்சுட்டுத்தான் வரணும். நான் பாத்துட்டே இருப்பேன்."

"இங்கேர்ந்து உனக்கு ஏரிக்கரை தெரியுமா?"

"உங்க முதுகு தெரியும். அது வளைஞ்சா கத்துவேன்."

டீச்சர் பழைய வட்டத்திலிருந்தே ஆரம்பித்தாள். புதர் உள்ளே வந்தது. பாறை வந்தது. கம்பம் வந்தது. சீமாட்டியின் நடை துள்ளலாக மாறியது. வட்டம் அகன்றது. நாத்தனாரின் குரல் மெலிந்து, வெறும் ஒலியாகி, அப்புறம் அதுவும் இல்லை. ஒரு பக்கம் லாயத்துக் கூரை, மறுபக்கம் ஏரி. இத்தனையும் ஒரே வட்டம் என்று நினைத்தபோது அந்த அகலம் அவளுக்கு வேறு மாதிரி தெரிந்தது. வேலி இல்லாத இடம் இல்லை இது. தான் போடும் வட்டம்தான் வேலி, அதை எங்கே வைப்பதென்பது தன் கையில் இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் ஏரிப் பாதையிலிருந்து லாரி திரும்பியது. தொப்பிக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். குண்டும் குழியுமான பாதையில் வண்டி குலுங்க, பின்னால் கட்டியிருந்த தார்ப்பாய் அவிழ்ந்து, பட்டென்று காற்றில் அறைந்தது. பறவைகள் மொத்தமாக எழும்பின. சீமாட்டி பாய்ந்தது.

சேணத்துக்கு அடியில் பூமியே கிளம்பி ஓடுகிற மாதிரி இருந்தது. காதில் காற்று. டீச்சரின் இரண்டு கையும் நெஞ்சை நோக்கி வர ஆரம்பித்தன.

"இழுக்காதே," என்றாள் சத்தமாக. குதிரைக்கு இல்லை, தன் கைக்கு.

வலது கையைத் திறந்துவிட்டாள். வார் தளர்ந்தது. இடது கையை மட்டும் தொடைக்குப் பக்கமாக, கதவைத் திறக்கிற மாதிரி நிதானமாகக் கொண்டுபோனாள். கழுத்து மடங்கியது. சீமாட்டி வளைந்தது. பெரிய வளைவு, அப்புறம் சின்ன வளைவு. அப்புறம், என்ன அதிசயம், கால்கள் தாமாகவே அந்தப் பழைய அளவைக் கண்டுபிடித்துக்கொண்டன. லாயத்து வளையத்தின் அளவு, ஒரு சாண் கூடாமல், குறையாமல். ஒரு வருஷப் பயம் போட்டுவைத்த வட்டம் இருவரையும் வாங்கிக்கொண்டது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் பாய்ச்சல் துள்ளலானது. மூன்றாவதில் சீமாட்டி மூக்கால் உஸ்ஸென்று ஊதியது. அவளும் ஊதினாள்.

"அவ்வளவுதான்டி தங்கம். அவ்வளவுதான். வா, தண்ணி குடிக்கலாம்."

ஏரியில் வயிறு நனையும் ஆழம் இறங்கிச் சீமாட்டி சத்தம் போட்டுக் குடித்தது. டீச்சர் அங்கவடியிலிருந்து காலை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டாள். நாத்தனாரிடம் காட்ட வேண்டுமே!

அப்புறம் லாயத்தைப் பார்த்துத் திரும்பினாள். சீமாட்டி காதுகளை முன்னால் நீட்டிக் காத்திருந்தது. வட்டமா என்று கேட்பது போல ஒரு காது மட்டும் பின்னால் வந்தது.

"இல்ல," என்றாள் டீச்சர். "நேரா."

நாலு கால் பாய்ச்சலில் புறப்பட்டார்கள். ஈர மண் கட்டி கட்டியாகப் பின்னால் பறந்தது. லாரியிலிருந்து இறங்கி நின்ற தொப்பிக்காரர் தம்மைத் தாண்டிப் போனது என்னவென்று தெரிவதற்குள் தொப்பியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு ஓடினார். நாத்தனார் எழுந்து நின்று கையை ஆட்டினாள். மடியிலிருந்த பட்டாணி மொத்தமும் புல்லில் கொட்டியது.

சீமாட்டி வாளிக்கு முன்னால் வந்து நின்றது. நின்றதும் குனிந்து பட்டாணியைத் தின்ன ஆரம்பித்தது.

"நான் கத்துனது கேட்டுச்சா இல்லையா?" என்றாள் நாத்தனார். கண் சிவந்திருந்தது. வேகமாகத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன கத்துன?"

"நிறுத்துங்க, எறங்கிடுங்க, எனக்கு ஒண்ணும் நிரூபிக்க வேணாம்னு கத்துனேன். தொண்டையே போச்சு!"

"ஒண்ணும் கேக்கல. அவ்வளவு தூரத்துல இருந்தேன்." சொல்லும்போதே டீச்சருக்கு முகம் முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது.

தொப்பிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். சேறு பட்ட தொப்பியைத் தட்டினார். "அம்மா, இது அந்தச் செக்கு மாடு இல்லையே? இந்தக் குதிரைன்னா நான் இன்னும் சேத்துத் தர்றேன்!"

"சார்," என்றாள் நாத்தனார், "வண்டியைத் திருப்புங்க. இடம் போதலன்னா எங்க அண்ணி வட்டத்துக்குள்ளயே திருப்பிக்குங்க. ரொம்பப் பெருசாத்தான் போட்டிருக்காங்க."

லாரி போன பிறகுதான் லாடக்காரர் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். புல்வெளியில் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, குளம்புத் தடங்களைப் பார்த்தபடி நடந்தார். தாம் அடித்த லாடங்கள், தமக்குத் தெரியாத அச்சா? டீச்சர் இறங்கி, சீமாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

"இங்க துள்ளல்ல போயிருக்கீங்க," என்றார். நடந்தார். நின்றார். குரல் மாறியது. "இங்க மிரண்டிருக்கா."

"ஆமா."

அவர் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு தடத்தில் விரலை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். "நீ இழுக்கல. இழுத்திருந்தா பின்னங்கால் வழுக்கி மண்ணைக் கிழிச்சிருக்கும். பாரு, எவ்வளவு சுத்தமா வளைஞ்சிருக்கா." விரலை வளைவின் மேலேயே நகர்த்தினார். "நீ இழுக்கவே இல்ல."

எழுந்தபோது அவருடைய முட்டியில் சேறு. ஏரிக் கரையிலிருந்து நாத்தனாரின் வாளி வரைக்கும், அத்தனை வட்டங்களையும் அறுத்துக்கொண்டு, ஒரே நேர்கோடாகத் தடங்கள் வந்திருந்தன. அவர் அதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் பார்த்தார்.

"ஏரிச் சவாரி உண்டுன்னு பலகையைத் திரும்ப மாட்டிடட்டுமா?"

"மாட்டுங்க. நாளைக்கு வக்கீலையும் கூட்டிட்டுப் போறேன்."

"அது வாதாடுமே."

"வாதாடட்டும்," என்றாள் டீச்சர், சேணத்தைப் பிடித்து மறுபடியும் ஏறிக்கொண்டே. "வெளில நிறைய இடம் இருக்கு."